வரி நோட்டில் உங்கள் பெயர்

சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்டிவரும் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத்து நண்பர்களுக்கு,

உங்களைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. பத்து வருஷமாக வெளிநாட்டில் இருந்தும் திருவிழாவுக்குப் பணம் அனுப்பத் தவறாதவரை, “எங்கே போனாலும் ஊரை மறக்காத பிள்ளை” என்பார்கள். லீவில் வந்து யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காராமல் திரும்பியவரை, “காசு வந்ததும் ஆளே மாறிப்போச்சு” என்பார்கள். ஒன்று பாராட்டு, மற்றது குறை. இரண்டுக்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றுதான்: ஊர் என்பது முன்னோர் செய்து முடித்து வைத்துவிட்டுப் போன பொருள், கடல் கடந்தவர் அதைப் பத்திரமாக நெஞ்சில் வைத்திருக்கிறார், இல்லையென்றால் வழியில் தொலைத்துவிட்டார். ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் நாள் மேடைகளில் பேசப்படும் வேர், விழுது, தொப்புள்கொடி எல்லாம் இதே எண்ணத்துக்குப் போட்ட நகைகள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. நம் பக்கத்து ஊர்களில் ஒருவர் ஊருக்கு உரியவரா என்பதை அவருடைய ஏக்கம் முடிவுசெய்வதில்லை. வரி நோட்டு முடிவுசெய்கிறது. அந்த நோட்டின் பக்கங்களைப் பல ஊர்களில் இன்று நிரப்புகிறவர்கள் நீங்கள். அப்படியானால் ஊர் எப்படி இருக்கிறது, யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதெல்லாம் நீங்கள் தொலைவிலிருந்து வேடிக்கை பார்க்கும் சங்கதி இல்லை. உங்கள் கைவேலையும் அதில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்களுக்கு இது தெரிந்த கதை. தலைக்கட்டு என்றால் குடும்பக் கணக்கு. சில ஊர்களில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதுமே புதுத் தலைக்கட்டு; சில ஊர்களில் பாகம் பிரிந்து தனிக்குடித்தனம் போன பிறகு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடி, மேளம், பந்தல், நாடகம், வாணவேடிக்கை என்று செலவைக் கூட்டிப் பார்த்து, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விதிப்பார்கள். கட்டியவருக்குப் பூசையில் பங்கு, கூட்டத்தில் வாய் திறக்க உரிமை, வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வந்து நிற்கும் என்ற உறுதி. கட்டாதவர் ‘ஊரோடு இல்லாதவர்’. ஊரை விட்டு ஒதுக்கிவைப்பதன் நடைமுறையும் பெரும்பாலும் இதுதான். யாரையும் அடித்து விரட்ட வேண்டாம். அவர் நீட்டும் வரியை வாங்க மறுத்தால் போதும், காரியம் முடிந்தது. இவ்வளவு கறாரான ஏற்பாட்டில் ஒரு விசித்திரமான தாராளமும் இருக்கிறது. அந்த ஆள் இரவில் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்று நோட்டு கேட்பதே இல்லை. குவைத்தில் தூங்கினாலும் சரி, வரி வந்துவிட்டால் அவர் ஊரில்தான் இருக்கிறார்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் ‘புள்ளி’ என்று கணக்கு வைத்தார்கள். மணமான ஆணை வைத்து ஒரு குடும்பம் ஒரு புள்ளி. மாத்தூரோ இலுப்பைக்குடியோ பிள்ளையார்பட்டியோ, எந்தக் கோயிலைச் சேர்ந்தவரோ அந்தக் கோயிலின் ஏட்டில் அவர் இருப்பார். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறிய காலத்திலும் புள்ளி அழியவில்லை. அந்த ஏட்டின் பலத்தில்தான் காரைக்குடியைச் சுற்றியுள்ள வறண்ட மண்ணில் அத்தனை மாளிகைகள் எழுந்தன: பர்மாவின் தேக்கு, இத்தாலியின் பளிங்கு, ஐரோப்பாவின் கண்ணாடி. இன்று அவற்றைச் செட்டிநாட்டுப் பாரம்பரியம் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறோம். காட்டட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பாரம்பரியத்தில் கண்ணில் படுகிற பாதி கப்பலில் வந்து இறங்கியது. ஊரின் முகத்தைச் செதுக்கியவர்கள் வருஷக்கணக்கில் ஊரில் இல்லாதவர்கள். போனவர் ஊரைச் சுமந்துகொண்டிருந்தார் என்பதைவிட, போனவர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதே சரியான வருணனை.

இதே வரலாற்றுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஊர்ப்பற்றைக் கொண்டாடும்போது அதை நாம் புரட்டுவதில்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, பர்மிய உழவர்களால் நகரத்தாரிடம் வாங்கிய வட்டிக்கடனை அடைக்க முடியாமல் போக, 1937-38 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால்வாசி நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். காசாகத் திரும்ப வேண்டிய கடன் வயலாகத் திரும்பியது. ஆனால் மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு, லாபத்தையும் அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தவர்களைத் தங்கள் ஊர்க்காரர்களாக நினைக்கப் பர்மிய உழவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. 1962-இல் வந்த ராணுவ ஆட்சி 1964-இல் கடைகளையும் எடுத்துக்கொண்டது. இங்கே ‘ஊரை மறக்காதவர்’ என்று போற்றப்பட்ட அதே குணம், அங்கே ‘இந்த ஊரில் ஒட்டாதவர்’ என்று எழுதப்பட்டது. ஒரு நோட்டில் வரவு என்றால் இன்னொரு நோட்டில் பற்று. உரிமை கொண்டாடுவது என்பது எப்போதும் இரண்டு இடங்களை வைத்து நடக்கும் கணக்கு.

சரி, இவ்வளவு விசுவாசமாக நீங்கள் ஏன் வரி கட்டுகிறீர்கள்? திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில வருஷம் தவறாமல் அனுப்புவார்கள். அப்புறம் அங்கேயே ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தவணையில் ஒரு மனை என்று ஆகிவிடும். ஊர் வரி மெல்ல ஒரு தொந்தரவாகி, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை குலசாமிக்குப் போய்வருவதோடு நின்றுவிடும். அவர்கள் உங்களைவிடக் குறைந்த பாசம் உள்ளவர்கள் என்று சொல்ல முடியுமா? வித்தியாசம் மனத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அந்நாட்டுக் குடிமகளை மணக்க வேண்டுமென்றால் அரசின் அனுமதி வேண்டும். எத்தனை வருஷம் இரும்பு கட்டினாலும், கப்பல் பட்டறையில் வெல்டிங் அடித்தாலும் அந்தப் பெர்மிட் நிரந்தரவாசத்துக்குப் படிக்கட்டு ஆகாது. வளைகுடாவில் பெரும்பாலான தொழிலாளிக்குக் குடியுரிமை என்ற பேச்சே கிடையாது. விசா பெரும்பாலும் கபீல் என்ற பொறுப்பாளரின் பெயரோடு கட்டிப்போட்டது. 2020 ஏப்ரலில் நோய்த்தொற்று பரவியபோது சிங்கப்பூரின் டார்மிட்டரிகள் வெளியிலிருந்து மூடப்பட்டன. நகரம் தன் மக்களுக்கு ஒரு கணக்கும் உங்களுக்கு வேறொரு கணக்கும் வைத்திருந்தது. 2024 ஜூனில் குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்து இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். உயிரோடு இருந்தவரை வேலைக்கு ஆள். இறந்த பிறகு உடல் ஊருக்கு. இப்படி எல்லாப் பக்கமும் கதவு மூடியிருக்கும்போது, திறந்திருக்கும் ஒரே நோட்டில் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதைப் பாசம் என்று மட்டும் சொல்வது அரைகுறை உண்மை. புத்திசாலித்தனமும் அதில் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கதவு திறந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 1924-இல் சிங்கப்பூருக்குப் போன கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1950களில் குடியுரிமை பெறும் வாய்ப்பு வந்தபோது, தமிழர்கள் அதைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். ஊருக்குத் திரும்பிப் போகத்தானே வந்தோம் என்று தயங்கியவர்கள் அப்போது ஏராளம். பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரர்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் தாத்தாவின் ஊர்த் தலைக்கட்டு நோட்டில் அவர்கள் பெயரைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் தமிழை இழக்கவில்லை, ஊரை இடம் மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் கணினித்துறையினர் நடுவில் தொங்குகிறார்கள். ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது என்ற விதியால் வருஷக்கணக்கில் வரிசையில் நின்றபடி, அங்கே வீடு வாங்கி இங்கேயும் மனை வாங்குகிறார்கள். யாருக்கு எங்கே எவ்வளவு கதவு திறந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அவர்களுடைய ‘அடையாளம்’ அந்தப் பக்கம் சாய்கிறது.

ரத்தமும் மொழியும் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்று இன்னும் நினைப்பவர்கள் 1964-ஐ நினைத்துப் பார்க்கலாம். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் தமிழ் பேசிக்கொண்டு தமிழ்நாட்டுக்குத்தான் வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களில் 5,25,000 பேரை இந்தியக் கணக்கில் எழுதியது. தாயகம் திரும்பியோர் என்பது அரசு வைத்த பெயர். மக்கள் வைத்த பெயர் வேறு: இவர்கள் பர்மாக்காரர், அவர்கள் சிலோன்காரர். எந்த மண் தள்ளிவிட்டதோ அந்த மண்ணின் பெயரே ஒட்டிக்கொண்டது. காரணம் எளிது. பெரும்பாலோருக்கு இங்கே எந்த நோட்டிலும் பெயர் இல்லை. தாத்தா கிளம்பிய ஊரில் பங்காளிகள் நிலத்தைப் பிரித்து முடித்திருந்தார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையோரம் பர்மா பஜாரைப் போட்டு, அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை நகரத்துக்குப் பழக்கி, நீலகிரியில் தேயிலைக் கொழுந்து பறித்து, அவர்கள் தங்களுக்கென்று ஒரு புது ஊரைச் செய்துகொண்டார்கள். ஊர் யாருக்காகவும் காத்திருக்கும் பொருள் இல்லை, செய்யப்படும் பொருள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உங்களிடம் வருகிறேன். கும்பாபிஷேகப் பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சிங்கப்பூர்’ என்று போடுகிறார்கள். கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதும்போதும் அப்படித்தான். சிங்கப்பூரிலோ நீங்கள் பட்டுக்கோட்டைக்காரர், அறந்தாங்கிக்காரர். அங்கே இந்த ஊர் அடைமொழி, இங்கே அந்த ஊர் அடைமொழி. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம்கள் இதற்கு நேரடியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சபராளி, பயணத்தில் இருப்பவர். பயணத்தில் இருப்பதையே ஓர் அடையாளமாக ஏற்றுக்கொண்ட சொல் அது. மற்றவர்களிடம் அப்படி ஒரு சொல் இல்லாததால் ‘தற்காலிகமாகப் போயிருக்கிறான்’ என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இடையில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில், ஒரே அடுப்பு, ஒரே லாரியில் சைட்டுக்குப் பயணம். சூப்பர்வைசருக்கு நீங்கள் எல்லோரும் இந்தியர். பங்களாதேஷ்காரருக்கு எல்லோரும் தமிழர். எந்தத் தெருவில் பிறந்தீர்கள் என்று அவர்கள் யாரும் கேட்பதில்லை. 1929-இல் பெரியார் மலாயாவுக்குப் போனதும், 1952-இல் சாதி சமயம் கடந்து தமிழர் எல்லோரும் ஒன்றாகக் கொண்டாட வேண்டும் என்று சிங்கப்பூரில் தமிழர் திருநாள் தொடங்கப்பட்டதும் இந்த அனுபவத்தின் மேல்தான் நின்றன. தமிழர் என்ற பொதுப்பெயர் கடலுக்கு அந்தப் பக்கம் சோற்றுக்கும் பாதுகாப்புக்கும் தேவையான பெயராக இருந்தது. அங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒழியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கேட்க அவசியம் இல்லாத நேரம் அங்கே அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் செல்போனைத் திறந்ததும் அந்த நேரம் முடிந்துவிடுகிறது. பகலில் உங்களோடு ஒரே சாரத்தில் நின்றவரும் நீங்களும் மாலையில் வெவ்வேறு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறீர்கள்: உங்கள் ஊர்க் குழு, அவருடைய தெருக் குழு. ஊர் ஒன்றுதான். உங்கள் குழுவில் வரி கேட்கிறார்கள், அவரிடம் கேட்பதில்லை. காலனி என்றும் கீழத்தெரு என்றும் சொல்லப்படும் இடங்களில் இருப்பவர்களிடம் கோயில் வரி வாங்காத ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பணம் தேவைப்படாததால் வாங்காமல் இல்லை; வாங்கினால் மண்டகப்படி கொடுக்க வேண்டும், தேர் வடத்தில் கைவைக்க விட வேண்டும், கூட்டத்தில் பேச விட வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறும் வழக்கும் பழுதுமாக 2006-க்குப் பிறகு நின்றுபோன தேர் 2024-இல்தான் மறுபடி ஓடியது. இந்த இடத்தில் உங்கள் பணத்தின் வேலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உங்கள் பணம் இல்லாத காலத்தில், செலவு கட்டுப்படியாகாமல் திருவிழாவைச் சுருக்கவோ வெளித்தெருவோடு ஒரு சமாதானத்துக்கு வரவோ ஊருக்கு ஏதோ ஒரு நெருக்கடி இருந்திருக்கலாம். சிங்கப்பூர்க் காசு அந்த நெருக்கடியை எடுத்துவிடுகிறது. யாரையும் சேர்க்காமலே ராஜகோபுரம் எழுப்ப முடிகிறது. நீங்கள் நினைத்துச் செய்வதில்லை. ஆனால் பழைய வேலிக்குப் புதுக் கம்பி உங்கள் சம்பளத்தில் வருகிறது. அந்தத் தெருவிலிருந்து கடல் கடந்தவரின் பணமும் சும்மா இருப்பதில்லை. அவர் மாடி வீடு கட்டுகிறார், பிள்ளையைப் பொறியியல் படிக்க வைக்கிறார், தெருவுக்கே ஒரு கோயில் கட்டுகிறார். இரண்டு பேரும் ஊரை மாற்றுகிறீர்கள், ஒரே அறையில் இருந்துகொண்டு, எதிரெதிர்த் திசையில்.

இதற்கு நீங்கள் சொல்லும் முதல் பதில் எனக்குத் தெரியும்: “நாங்கள் பணம் அனுப்புவதோடு சரி. முடிவெல்லாம் ஊர் அம்பலக்காரரும் பெரியவர்களும் எடுப்பது.” காகிதத்தில் சரிதான். ஆனால் 2024-இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் ஏறத்தாழ 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்த வரவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் ஒரு துளிதான் கோயிலுக்குப் போகிறது; அந்தத் துளிதான் ஊரின் பெருஞ்செலவைத் தாங்குகிறது. தேர்தலில் உங்களுக்குக் குரல் இல்லை என்பது உண்மை. 2010-இல் திருத்திய சட்டப்படி வெளிநாட்டில் இருப்பவரும் வாக்காளராகப் பதியலாம், ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் அப்படிப் பதிந்திருந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேரில் வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர், அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தார். விமான டிக்கெட் வாங்கித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றால் கட்டடத் தொழிலாளி எங்கே போவார்? நாடு உங்களுக்குத் தராத குரலை ஊர்க்கூட்டம் தருகிறது. தீர்மானத்துக்கு முன் “சிங்கப்பூர்ப் பசங்க என்ன சொல்றாங்க?” என்று போன் போட்டுக் கேட்கிறார்கள். கஜா புயல் அடித்துப்போன மறு ஆண்டு, 2019-இல், பேராவூரணிப் பெரியகுளம் ஏரியை அரசுக்குக் காத்திராமல் இளைஞர்கள் தூர்வாரியபோது வெளிநாட்டில் இருப்பவர்களின் பணமும் அதில் சேர்ந்தது. ஏரிக்கு என்று கேட்டு அனுப்ப முடிந்தவர்களுக்கு வேறு எதையும் கேட்க முடியாது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

இரண்டாவது பதில் இன்னும் கனமானது: “நாங்கள் ஆசைப்பட்டா போனோம்? மழை பொய்த்தது, கிணறு வற்றியது, ஏஜென்ட்டுக்கு அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தோம்.” விரும்பிப் போனவர், வேறு வழியில்லாமல் போனவர் என்று கோடு கிழிப்பது புள்ளிவிவரக்காரர்களின் வசதிக்கு, வாழ்க்கையில் அந்தக் கோடு ஒவ்வொருவருக்குள்ளும் ஓடுகிறது. போகும் முடிவில் உங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் கடன் அடைந்த பிறகு வரும் வருஷங்களில், வீட்டுச் செலவு போக மிஞ்சும் பணத்தை எந்த ஊருக்காக அனுப்புவது என்பது உங்கள் விருப்பம்தான்.

மூன்றாவது ஆட்சேபம் ஊரில் இருப்பவர்களிடமிருந்து வரும். மூன்றிலும் இதுதான் வலுவானது. “ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு மெசேஜ் போட்டுவிடுவாய். நாளைக்குச் சண்டை வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது நாங்கள்.” (டார்மிட்டரியில் ஏசி இருப்பதாக ஊர் நம்புவது வேறு விஷயம்.) தொலைவில் இருப்பவர்களின் வீரத்துக்கு அருகில் இருப்பவர்கள் விலை கொடுத்த கதைகள் உலகத்தில் நிறைய. ‘தொலைதூரத் தேசியம்’ என்று ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் இதற்குப் பெயரே வைத்தார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுப்பிய பணம் யாழ்ப்பாணத்துக் கோயில்களைப் புதுப்பித்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும், எப்படிப் போராட வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வரும் கட்டளைகளைப் பற்றி யாழ்ப்பாணத்திலேயே வாழ்கிறவர்களுக்கு ஆற்றாமையும் இருந்திருக்கிறது. ஆகவே இந்த ஆட்சேபத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் உங்கள் நிலைமை வேறு. கனடாக் குடிமகன் திரும்பி வரப்போவதில்லை. பெர்மிட் முடிந்தால் நீங்கள் வந்துதான் ஆக வேண்டும். உங்களை வரவழைத்த நாட்டின் சட்டம் அதை உறுதி செய்திருக்கிறது. இன்று நீங்கள் கேட்கும் மாற்றத்தின் சண்டையும் சமாதானமும் நாளைக்கு உங்கள் வாசலிலேயே இருக்கும். அதோடு, பேசாமல் பணம் மட்டும் அனுப்பினால் தலையிடாமல் இருக்கிறோம் என்று அர்த்தம் ஆகாது. ஏற்கெனவே யார் கை ஓங்கியிருக்கிறதோ அந்தக் கைக்கு ரசீது இல்லாமல் வலு சேர்க்கிறோம் என்று அர்த்தம்.

இன்னொரு பெயர் நோட்டில் இல்லை. அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வரி ரசீது உங்கள் பெயரில். பணத்தை எண்ணிக் கொடுத்தவர் உங்கள் மனைவி. வங்கிக்குப் போவது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவது, கொத்தனாரோடு மல்லுக்கட்டி வீட்டைக் கட்டி முடிப்பது, மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மொய் நோட்டைப் பார்த்து யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பது எல்லாம் அவர். ஊரில் இல்லாத நீங்கள் ஊருக்கு உரியவர். ஊரை அன்றாடம் நடத்துகிற அவர் தலைக்கட்டு இல்லை. ஊர்க்கூட்டத்தில் அவருக்கு இடம் பெரும்பாலும் ஓரத்தில், அதுவும் பந்தி பரிமாற. பெண்ணே வெளிநாடு போனால் கணக்கு இன்னும் குழம்புகிறது. வீட்டு வேலைக்கு வளைகுடா போகும் பெண்ணுக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்று நம் அரசு விதி வைத்திருக்கிறது, பாதுகாப்புக்காக என்கிறார்கள். அவர் அனுப்பும் பணத்தில் வரி கட்டினால் ரசீது அப்பா பெயருக்கோ தம்பி பெயருக்கோ போகிறது. ஆண் போனால் ‘சிங்கப்பூர்’ என்ற அடைமொழி. பெண் போனால் அடைமொழி கிடையாது, வதந்திதான். கடல் கடந்து உழைப்பது அடையாளத்தை உருவாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தில் எழுவாய் ஆணாக இருந்தால்தான் அது ஊரில் செல்லுபடியாகிறது.

பங்குனிக்கோ சித்திரைக்கோ காப்புக் கட்டுவதற்கு முன்னால், வழக்கம்போலப் பொருளாளர் குழுவில் பட்டியலைப் போடுவார். கட்டியவர் பெயருக்கு எதிரே டிக், கட்டாதவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு. பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். எந்தத் தெருவின் பெயர்கள் அதில் ஒன்றுகூட இல்லை என்று பார்த்து, ஏன் என்று குழுவிலேயே கேளுங்கள். தனி மெசேஜில் வேண்டாம். உங்கள் பங்கின் ரசீதை வீட்டில் இருப்பவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுத வழக்கம் இல்லை என்று பதில் வரும். ஆள் ஊரில் இல்லாமலே வரி வாங்குவதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்திருக்காது என்று திருப்பி எழுதுங்கள். பெரியவர்கள் யாராவது குழுவை விட்டு வெளியேறுவார்கள். இரண்டு நாளில் பேரன் மறுபடி சேர்த்துவிடுவான். அதற்குள் உங்கள் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருப்பவரிடம், அவருடைய தெருவில் இந்த வருஷம் என்ன விசேஷம், அவரிடம் யார் வரி கேட்டார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

அன்புடன்,
ஊரில் இருக்கும் ஒரு தலைக்கட்டு